பதினாலாம் நம்பர் கோளாறு

லிங்கராஜபுரத்தில் எங்கள் சொந்த வீட்டின் முன்னறைதான் என் கடை. அதில் பாதி இடம் லேசர் மெஷினுக்கு. இழுத்து மூடிய ஒரு கம்பெனியிலிருந்து வாங்கிய பழசு. பெயர்ப்பலகை, பள்ளிக்கூட ஷீல்டு எல்லாம் அதில்தான் செதுக்குகிறேன். அந்தப் பாதி இடத்தின் மேல் என் வீட்டுக்காரருக்கு வெகுநாளாக ஒரு கண். தெருவில் வெயிலில் நிற்கும் அவருடைய பைக்கை உள்ளே கொண்டுவர வேண்டுமாம்.

ஆயுதபூஜைக்கு மறுநாள் ஸ்விட்சைப் போட்டேன். மெஷின் திரையில் 14 என்று காட்டிவிட்டு அப்படியே நின்றது.

“அதுக்கு வயசாயிடுச்சு. சும்னே ஜாகா அடைச்சிட்டு கிடக்கு. சனிக்கிழமை பழைய சாமான்காரரை வரச் சொல்லிட்டேன்,” என்றார், துக்கம் விசாரிக்க வந்தவர் மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு. கையில் அளவு டேப் இருந்தது.

மெஷின் போனால் கடையும் போச்சு.

மேனுவல் தேடினேன். அதைத் தயாரித்தவர்களே இப்போது இல்லை. இணையத்தில் மாடல் எண்ணைப் போட்டால் தையல் மெஷினுக்கு வந்தது, கிரைண்டருக்கு வந்தது. எஸ்.பி. ரோட்டில் எலக்ட்ரானிக் சாமான் விற்கும் ஒரு கடைக்காரர், “மேடம், இதுக்கு மியூசியத்துல போய்க் கேளுங்க,” என்றார்.

கடைசியில் பழைய லேசர் மெஷின் வைத்திருப்பவர்களின் இணையக் குழு ஒன்று அகப்பட்டது. பல தேசத்து ஆட்கள். பெரும்பாலும் ஓய்வு பெற்றவர்கள். உள்ளே படம் எடுத்துப் போடச் சொன்னார்கள். போட்டதும் என் கோளாறை மறந்துவிட்டு, மூடியின் உள்பக்கம் இருந்த மஞ்சள் வட்டத்தையும் அதன் நடுவில் இருந்த சிவப்புப் புள்ளியையும் பிடித்துக்கொண்டார்கள். ஃபேக்டரியில் போட்ட அளவுக்குறி என்றார் ஒருவர். துரு என்றார் இன்னொருவர். தன் மெஷினில் அந்தக் குறியே இல்லையே, போலியை வாங்கிவிட்டோமோ என்று மூன்றாமவருக்குக் கவலை.

அது என் வீட்டுக்காரர் பூஜைக்கு வைத்த சந்தனமும் குங்குமமும். சொல்லியிருக்கலாம்தான். ஆனால் பெரியவர்கள் இவ்வளவு ஆனந்தமாகச் சண்டை போடும்போது குறுக்கே பேசுவானேன்?

வெள்ளிக்கிழமை, சண்டையைத் தீர்க்கவென்றே ஒருவர் தன் பரணைக் குடைந்து மேனுவலை எடுத்து, அந்தப் பக்கத்தைப் படம்பிடித்துப் போட்டார். மஞ்சள் வட்டம் இருந்த இடத்தில் பொட்டளவு கண்ணாடி ஒன்று இருக்க வேண்டும். மூடி சாத்தியிருக்கிறதா என்று பார்க்கும் சென்சார் அது. அதை ஏதாவது மறைத்தால் மூடி திறந்திருப்பதாக நினைத்து மெஷின் நின்றுவிடும், 14 காட்டும். வட்டமாக எதைப் பார்த்தாலும் பொட்டு வைக்காமல் என் வீட்டுக்காரருக்குக் கை நிற்காது.

கரண்டை நிறுத்திவிட்டு ஈரத்துணியால் துடைத்தேன். மறுபடி போட்டதும் ஓடியது. அந்தச் சந்தோஷத்தில் முதல் வேலையாக எனக்கே ஒரு பலகை செதுக்கி வாசலில் மாட்டினேன்.

சனிக்கிழமை காலை பழைய சாமான்காரர் தள்ளுவண்டியோடு வந்தார். வீட்டுக்காரர் அதற்குள் பைக்கைத் துடைத்து வாசல்வரை ஏற்றி நிறுத்தியிருந்தார். வந்தவர் உள்ளே ஓடும் மெஷினைப் பார்த்தார். பைக்குக்கு மேலே தொங்கிய பலகையைப் படித்தார்: ‘இங்கே வண்டி நிறுத்தாதீர்.’

“மெஷின் ஜோரா ஓடுதே சார். அப்போ எடைக்கு இந்த பைக்கா?”

“ஆமா பாய், தூக்குங்க,” என்றேன் நான் உள்ளேயிருந்து.