அரண்மனையில் திரை விலகியபோது

காஞ்சிபுரத்தில் கரையைத் தனி நிறத்தில் கோத்து நெய்கிற கோர்வைச் சேலைக்கு இரண்டு பேர் வேண்டும். தறியில் உட்கார்ந்து உடலை நெய்ய ஒருவர், பக்கத்தில் இருந்து கரை நூலோடு நாடாவைத் தள்ள இன்னொருவர். எங்கள் வீட்டில் உடல் என் கணவர், கரை நான். அதனால்தான் அறுபதுகளின் கடைசியில் கைத்தறிக் கண்காட்சிக்காக அவரை ஐரோப்பாவுக்கு அனுப்பியபோது என்னையும் விமானத்தில் ஏற்றினார்கள். இல்லாவிட்டால் சின்ன காஞ்சிபுரத்தைத் தாண்டி என்னை யார் கூப்பிடப் போகிறார்கள்!

அப்போது எங்கள் மகள் காய்ச்சலில் போய் இரண்டு வருஷம் ஆகியிருந்தது. ஐந்து வயதுக் குழந்தை. அன்றிலிருந்து இவர் அவளைப் பற்றி வாயே திறக்கவில்லை. வரதர் கோயிலுக்கு நான் இழுத்தால் வருவார். திரை விலகி எல்லோரும் தலைக்கு மேல் கைகூப்பி "கோவிந்தா" என்னும்போது, கையைப் பின்னால் கட்டிக்கொண்டு தூணைப் பார்ப்பார். பெருமாளோடு டூ விட்டிருந்தார். அதுகூடப் பரவாயில்லை. உலகத்தில் நான் ஒருத்திதான் அவளை ஞாபகம் வைத்திருக்கிறேனோ என்ற பயம்தான் என்னை அரித்தது.

கண்காட்சி முடியும் தறுவாயில், நாங்கள் போயிருந்த நாட்டின் பழைய அரண்மனையில் மாலை விருந்து. எங்களோடு வந்த அதிகாரி மதியமே பாடம் ஆரம்பித்துவிட்டார். முள்கரண்டி இடது கையில். சத்தமாகப் பேசக் கூடாது. இருமக்கூடக் கூடாது.

"மூச்சு வுடலாமா சார்?" என்று கேட்டேன். அவர் சிரிக்கவில்லை.

அரண்மனை வாசலில் இறங்கியதுமே வாயடைத்துப் போனேன். அது எனக்கு லேசில் நடக்கிற காரியமில்லை. படிக்கட்டு அத்தனை அகலம், எங்கள் ஊர்த் தேரே ஏறிப் போகலாம். சுவரில் ஒட்டியிருந்ததைக் காகிதம் என்று நினைத்துக் கிட்டே போனால், பட்டு! நீலத்தில் ஜரிகைப் பூ. கல்யாணத்துக்கு ஒன்று எடுக்கவே நம் ஜனங்கள் திண்டாடுகிறார்கள், இங்கே சுவருக்கு உடுத்தியிருந்தார்கள். மேலே கூரையில் மேகங்களும் இறக்கை வைத்த குழந்தைகளும். கழுத்து வலிக்கப் பார்த்தேன். இந்த அழகுக்கு நடுவில் படுத்தவர்களுக்குத் தூக்கம் எப்படி வந்திருக்கும்?

ஒரு பெரிய சிவப்புத் திரைக்கு முன்னால் எல்லோரையும் நிறுத்தினார்கள். உள்ளே மணி அடித்தது. பேச்சு அடங்கியது. திரை இரண்டாக விலகியது.

மின்விளக்கே இல்லை. கூடம் முழுக்க மெழுகுவத்திகள். சுவரெல்லாம் கண்ணாடி, கண்ணாடியெல்லாம் சுடர். பொன் பூசிய தூண்களுக்கு நடுவே அரச குடும்பத்து வயதான அம்மாள் ஒருவர், கழுத்து நிறைய வைரத்தோடு அசையாமல் நின்றார். எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது.

"கோவிந்தா!"

என் பக்கத்திலிருந்துதான். இவர் இரண்டு கைகளையும் தலைக்கு மேல் கூப்பியபடி நின்றார். கண்ணில் நீர் வழிந்துகொண்டிருந்தது. அதிகாரி முகத்தில் ஈயாடவில்லை. அந்த அம்மாள் மட்டும் மெல்லத் தலை தாழ்த்தினார். ராஜ குடும்பத்தை எங்கள் பக்கம் இப்படித்தான் வணங்குவார்கள் என்று அதிகாரி ஏதோ சொல்லிச் சமாளித்தாராம். அதை நம்பி, பின்னால் வந்த கோட்டுக்காரர் ஒருவரும் கையைத் தூக்கினார்!

மேஜையில் உட்கார்ந்த பிறகும் இவர் சாப்பாட்டைத் தொடவில்லை. சுடர்களையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இன்னா ஆச்சுங்க?" என்று காதோடு கேட்டேன்.

"பாப்பா இருந்தா இதையெல்லாம் எண்ணிக்கினே இருந்திருக்கும்," என்றார்.

நானும் சுடர்களைப் பார்த்தேன். "ஆமாங்க. நூறு வரைக்கும் எண்ணத் தெரியுமே அதுக்கு."

"எங்க தெரியும்? இருபத்தொம்பதுக்கு அப்புறம் இருபத்திப்பத்துன்னு சொல்லும்."

அது எனக்கு மறந்தே போயிருந்தது.