வளைகாப்பில் தள்ளி நின்றவள்

ஒன்பதாம் மாதத்தில் எனக்கு எல்லாமே அழகாகத் தெரிந்தது. சுவரைப் பார்த்தால் சின்னச் சின்ன வெளிச்சப் புள்ளிகள் மிதந்து வரும். வாசலில் கட்டிய பசு இரண்டாகத் தெரியும், பிறகு ஒன்றாகும். தலை வலித்தது. எங்கள் ஊர் குடிபாலா வெயிலுக்கு அது சகஜம் என்று மின்விசிறிக்குக் கீழே படுத்துக் கிடந்தேன். என்னைப் போன்ற சோம்பேறிக்கு அதைவிட நல்ல மாதம் உண்டா?

கால் வீங்கிச் செருப்பு நுழையவில்லை. முகமும் உப்பியிருந்தது. மாமியாருக்குப் பூரிப்புத் தாங்கவில்லை. "புள்ளத்தாச்சி உடம்பு பூசிக்கினு எப்டி கீறா பாரு" என்று வருகிறவர்களிடமெல்லாம் காட்டினார். கண் பட்டுவிடும் என்று செக்கப்புக்கு அனுப்பவில்லை. தினமும் மிளகாய் சுற்றிப் போட்டதோடு சரி.

என் கணவரின் அண்ணன் மனைவி, நான் அக்கா என்று கூப்பிடுகிறவள், பக்கத்து வீட்டில் இருந்தாள். அவளுடைய ஒரே குழந்தை வயிற்றிலேயே இறந்து பிறந்தது. அதனால் என் வளைகாப்பில் அவளைக் கிட்டே விடவில்லை. ஊரே எனக்கு வளையல் போட, அவள் சமையல்கட்டில் புளிச்சோறு கிளறிக்கொண்டிருந்தாள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஏன் என்று கேட்டேன். "உன் நல்லதுக்குத்தான்" என்றார் மாமியார்.

ஒரு மதியம், எல்லோரும் மாந்தோப்புக்குப் போயிருந்தபோது அவள் உள்ளே வந்தாள். வீங்கிய கையில் வளையல்கள் புதைந்து கிடந்ததைப் பார்த்தாள்.

"கண்ணுல பூச்சி பறக்குதா?"

"மின்மினி மாதிரி, அழகா கீதுக்கா."

"எனுக்கும் இப்டித்தான் இருந்துச்சு. எழுந்திரு."

"அத்தை வரட்டுமே."

"திட்டு நான் வாங்கிக்கிறேன். நீ ஆட்டோல ஏறு."

சித்தூர் ஆஸ்பத்திரியில் நர்ஸ், "பி.பி. இவ்ளோவா?" என்று தெலுங்கில் கடிந்துகொண்டே ஆம்புலன்ஸைக் கூப்பிட்டாள். திருப்பதி பெரியாஸ்பத்திரிக்குப் போகிற வழியில் சந்திரகிரி மலை ஜன்னலில் மெல்ல மிதந்து போனது. என் தலை அக்காவின் மடியில் இருந்தது. "அசையுதா?" என்று விடாமல் கேட்டாள். எனக்குத் தெரியவில்லை. இல்லையென்று சொல்லப் பயந்து, அசையுது என்றேன்.

ஆபரேஷன் செய்து எடுத்தார்கள். பெண். எலிக்குஞ்சு போல இருந்தாள், ஆனால் அழுதாள்.

மறுநாள் மாமியார் வந்ததும் அக்கா கதவோரம் நகர்ந்துகொண்டாள். "அவ கையில குடுக்காத" என்று மாமியார் என் காதில் சொன்னார். வந்த கோபத்தில் தையல் இழுத்து வலித்தது. "இங்க வாக்கா" என்று கூப்பிட்டு, குழந்தையை அவள் கையிலேயே கொடுத்தேன்.

அவள் வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். புருவத்தைத் தடவினாள். காதை விரித்துப் பார்த்தாள்.

"பொறந்ததும் மூஞ்சி இப்டித்தான் இருக்குமா?" என்று கேட்டாள். "என்னுத யாரும் எனுக்குக் காட்டவே இல்ல. துணியில சுத்தி எடுத்துக்கினு போயிட்டாங்க."