என் மூக்குக்கு நான் எழுதிய பத்திரம்

மூன்று வருடங்களுக்கு முன், ஒரு மார்கழிக் காலை. தஞ்சாவூரில் ஒரு தனியார் மருத்துவமனையில் பச்சை கவுன் மாட்டிக்கொண்டு ஆபரேஷனுக்குத் தயாராக உட்கார்ந்திருந்தேன். நோய் ஒன்றும் இல்லை. என் மூக்கின் வடிவத்தை மாற்றிக்கொள்ளத்தான் போயிருந்தேன்.

சிரிக்காதீர்கள். பள்ளிக்கூடத்தில் என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டவர்களைவிட 'கிளிமூக்கு' என்று கூப்பிட்டவர்கள்தான் அதிகம். நடுவில் மேடாகி, நுனியில் வளைந்த மூக்கு. என் கல்யாண ஆல்பத்தில் பக்கவாட்டில் எடுத்த படம் ஒன்றுகூட இருக்காது. போட்டோகிராபரிடம் முன்னாலேயே சொல்லி வைத்திருந்தேன். நாற்பது வயதில் என்ன அழகு வேண்டிக்கிடக்கிறது என்று சொந்தக்காரர்கள் கேட்டார்கள். அறுவடை மெஷின் ஓட்டும் என் கணவர் மட்டும், "ஒனக்கு ஆசையா இருந்தா செஞ்சுக்க. எனக்கு இந்த மூக்கும் புடிக்கும், வரப்போற மூக்கும் புடிக்கும்" என்றார்.

குத்தாலம் பக்கத்தில் பத்திரம் எழுதுவது என் தொழில். மார்கழியில் யாரும் கிரயம் பண்ண வரமாட்டார்கள். தை பிறந்துவிட்டால் சாப்பிடக்கூட நேரம் இருக்காது. அதனால் மார்கழியில் காரியத்தை முடித்துவிட்டு, தையில் புது மூக்கோடு நாற்காலியில் உட்காருவதாகத் திட்டம்.

தொழிலில் எனக்குக் கொஞ்சம் கர்வமே உண்டு. என்னிடம் வருகிறவர்கள் பத்திரத்தை முழுதாகக் கேட்காமல் கையெழுத்துப் போட முடியாது. கையெழுத்துப் போட வேண்டிய இடத்தில் பென்சிலால் பெருக்கல் குறி போட்டுவைப்பேன். ஆனால் பேனாவைச் சுலபத்தில் கொடுக்க மாட்டேன். "கெழக்க யார் நெலம்? தெக்க என்ன, வாய்க்காலா பாதையா? நீங்களே சொல்லுங்க" என்று கேட்டு, அவர்கள் வாயாலேயே நான்கு எல்லையையும் சொல்லவைத்த பிறகுதான் பேனா. "வாத்தியாரம்மாகிட்ட மாட்டிக்கிட்டோம்" என்று சலித்துக்கொள்வார்கள். எனக்கு அது பாராட்டாகத்தான் படும்.

அப்படிப்பட்ட நான் அன்று காலை என்ன செய்தேன் தெரியுமா? ஆபரேஷனுக்குச் சம்மதம் என்று ஆறு பக்கம் இங்கிலீஷில் ஒரு படிவம் கொடுத்தார்கள். அதிலும் பென்சிலால் பெருக்கல் குறி போட்டிருந்தது. ஆறு இடத்திலும் கடகடவென்று கையெழுத்துப் போட்டு நீட்டிவிட்டேன்.

அதை வாங்கிக்கொண்ட நர்ஸுக்கு இருபத்தைந்து வயதுதான் இருக்கும். பேராவூரணிப் பக்கத்துப் பெண். அப்பா தென்னந்தோப்பில் காய் பறிக்கிறவர் என்று பிற்பாடு சொன்னாள். தாள்களைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "இதுல என்ன எழுதியிருக்குன்னு சொல்லுங்கக்கா" என்றாள்.

"ஆபரேஷனுக்குச் சம்மதம்னு எழுதியிருக்கு."

"அது தலைப்புக்கா. உள்ள?"

அவள் கையிலிருந்த தாளை எட்டிப் பார்த்தேன். அவள் முதல் பக்கத்துக்குத் திரும்பினாள். தொழில் என்ற இடத்தில் நான் எழுதியிருந்ததைப் படித்தாள். நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். சிரிப்பை அடக்கப் பார்த்து, முடியாமல் சிரித்துவிட்டாள். "பத்திரம் எழுதுற நீங்களே இப்படிப் போட்டா எப்படிக்கா?"

வெட்கத்தில் எனக்குக் காது சூடாகிவிட்டது. அதற்குள் மூத்த நர்ஸ் ஒருவர் கதவைத் திறந்து, தியேட்டர் ரெடி, ஏன் தாமதம் என்று அதட்டினார். இந்தப் பெண் பதறவில்லை. "பத்து நிமிஷம் குடுங்க மேடம், இவங்களுக்கு இன்னும் வெளங்கல" என்று சொல்லிவிட்டு, என் பக்கத்தில் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

அவள் சொல்லிய விதத்தை இன்றைக்கும் மறக்க முடியவில்லை. பயமுறுத்தவும் இல்லை, பூசி மெழுகவும் இல்லை. தன் மூக்கையே தொட்டுத் தொட்டுக் காட்டினாள். ரத்தக் கசிவு வரலாம், சீழ் பிடிக்கலாம், மயக்க மருந்து சிலருக்கு ஒத்துக்கொள்ளாமல் போகலாம். மூக்கைச் சின்னதாக்கும்போது உள்ளே வழி குறுகி, மூச்சு விடுவதே சிரமமாகலாம். "நடுவுல இருக்குற தடுப்புல ஓட்டை விழுந்துட்டா, மூச்சு விடும்போது விசில் சத்தம் வரும்க்கா. அபூர்வமாதான் வரும். ஆனா வரும்." நுனி மாதக்கணக்கில் மரத்துப்போய் இருக்கலாம். வீக்கம் முழுசாக வடிய ஒரு வருஷம்கூட ஆகலாம். நினைத்த மாதிரி வராமல் ஒரு பக்கம் சாயலாம், இரண்டாவது தடவை கத்தி வைக்க வேண்டி வரலாம்.

ஒவ்வொன்றையும் என்னைத் திருப்பிச் சொல்லச் சொன்னாள். நான் படிவத்தில் இருந்த வார்த்தையைச் சொன்னால் ஒத்துக்கொள்ள மாட்டாள். "எனக்குப் படிச்சுக் காட்ட வேணாம்க்கா. புரிஞ்சதைச் சொல்லுங்க."

ரத்தக் கசிவுக்கு வந்தபோதுதான், "ஏதாச்சும் மாத்திரை சாப்பிடுறீங்களா?" என்று கேட்டாள். இல்லை என்றேன். டாக்டர் முன்பே கேட்டிருந்தார். அவரிடமும் இல்லை என்றுதான் சொல்லியிருந்தேன். அவள் விடவில்லை. "மெடிக்கல்ல நீங்களா வாங்கிச் சாப்பிடுறது? தலைவலி, இடுப்பு வலி?"

அது எனக்கு மருந்துக் கணக்கிலேயே தோன்றவில்லை. நாள் முழுக்க உட்கார்ந்து எழுதுவதால் இடுப்பு வலி. இரண்டு மாதமாகத் தினமும் ஒரு வலி மாத்திரை. அன்று விடியற்காலை தஞ்சாவூருக்குக் கிளம்பும்போதுகூட ஒன்று போட்டிருந்தேன்.

அவள் முகம் மாறியது. உடனே எழுந்து போய் டாக்டரை அழைத்து வந்தாள். அவர் மாத்திரையின் பெயரைக் கேட்டதும் தலையை ஆட்டினார். "இதைச் சாப்பிட்டா ரத்தம் உறையறது தாமதமாகும்மா. இன்னைக்கு வேணாம். நிறுத்தி ரெண்டு வாரம் போகட்டும்." பிறகு அந்தப் பெண்ணின் பக்கம் திரும்பி, "நல்ல வேளை கேட்டீங்க" என்று எல்லார் முன்னாலும் சொன்னார்.

உண்மையைச் சொல்கிறேன், அந்த நிமிஷம் எனக்கு நன்றி வரவில்லை. கோபம்தான் வந்தது. இரண்டு வாரம் என்றால் தை வந்துவிடும். வருஷக்கணக்காக ஏங்கிய ஒன்று கைக்கு எட்டி வாய்க்கு எட்டாமல் போகிறதே என்று அழுகையே வந்துவிட்டது. அவள் கவுன் முடிச்சை அவிழ்த்துக்கொண்டே, "மூக்கு எங்கயும் போயிடாதுக்கா" என்றாள்.

வீட்டுக்கு வந்ததும் ஒரு வேலை செய்தேன். கேட்டு வாங்கி வந்திருந்த படிவ நகலை வைத்துக்கொண்டு, ஆறு பக்கத்தையும் தமிழில் என் பாணியில் எழுதினேன். 'மேற்படி மூக்கின் நுனியானது' என்றெல்லாம் வந்துவிட்டது. படித்துக்காட்டியபோது என் கணவர், "நாலு எல்லைய எழுதலியே? வடக்க நெத்தி, தெக்க வாயி" என்று உருண்டு உருண்டு சிரித்தார். ஆனால் விசில் சத்தம் என்ற இடம் வந்ததும் சிரிப்பை நிறுத்திவிட்டு, "இதெல்லாம் தெரிஞ்சும் வேணுமா?" என்று கேட்டார். ஆறு மாதம் யோசித்தேன். பதில், வேணும் என்றுதான் வந்தது.

அடுத்த ஓய்வு மாதம் ஆடி. மாத்திரையை டாக்டர் சொன்னபடி நிறுத்திவிட்டுப் போனேன். அதே பெண்தான் இருந்தாள். அவள் கேட்பதற்கு முன்பே நான் முதலிலிருந்து கடைசிவரை சொல்லி முடித்தேன். என் தமிழ்த் தாள்களையும் காட்டினேன். 'மேற்படி மூக்கு' வந்த இடத்தில் விழுந்து விழுந்து சிரித்தாள். பிறகு, "இதை நான் வச்சுக்கவாக்கா? இங்கிலீஷ் தெரியாதவங்களுக்குப் படிச்சுக் காட்டுவேன்" என்றாள். அன்று எல்லாம் புரிந்துதான் கையெழுத்துப் போட்டேன்.

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. மேடு போய்விட்டது. ஆனால் இரண்டாவது மாதம் கண்ணாடியைப் பார்த்தால் நுனி சின்னக் கத்தரிக்காய் மாதிரி வீங்கிக் கிடந்தது. ஐஸ்கிரீம் சாப்பிடும்போது மூக்கில் ஒட்டியதுகூடத் தெரியவில்லை, பக்கத்து வீட்டம்மாதான் துடைத்துவிட்டார்கள். எதுவும் தெரியாமல் போயிருந்தால், மூக்கே போய்விட்டது என்று ஊரைக் கூட்டியிருப்பேன். வீக்கம் வடிய ஒரு வருஷம் என்று என் வாயாலேயே சொல்லியிருந்ததால் பொறுத்திருந்தேன்.

வீக்கம் வடிந்தது, மரப்பும் போனது. நுனி மட்டும் வலது பக்கம் ஓர் அரிசி அகலத்துக்குச் சாய்ந்தே நின்றுவிட்டது. மறுபடி செய்துகொள்ளலாமா என்று கணவர் கேட்டார். வேண்டாம் என்றேன். அது எனக்குத் தெரியாமல் வந்ததில்லை.

இப்போதும் என் மேஜைக்கு வந்து, "எல்லாம் சரிதாங்க, எங்க கையெழுத்துப் போடணும்?" என்று யாராவது அவசரப்பட்டால், என் கை தானாக அந்தச் சாய்வுக்குப் போகும். தியேட்டரே காத்திருக்க, எனக்காகப் பத்து நிமிஷம் கேட்டு வாங்கிய அந்தப் பெண்ணை மனதுக்குள் கும்பிட்டுவிட்டு, பேனாவை என் பக்கமே வைத்துக்கொண்டு, முதல் வரியிலிருந்து படிக்க ஆரம்பிப்பேன்.