கிணற்றடி வரை பத்துமணிப் பூ

வாப்பா கிணற்றடியில் விழுந்தது ஒரு வெள்ளிக்கிழமை. ஜும்ஆவுக்குக் குளிக்கப் போனவர், கிணற்றைச் சுற்றிக் கட்டியிருந்த சீமெந்துப் படியைக் காணாமல் கால் தடுக்கி விழுந்தார். நெற்றியில் கொஞ்சம் இரத்தம். ஓடிப்போய்த் தூக்கினேன்.

"ஒண்டுமில்ல மகள். செருப்பு வழுக்கிட்டு" என்றார்.

செருப்பு பின்வாசலிலேயே கிடந்தது.

கணவர் கத்தாரில் வேலை செய்வதால் நான் பிள்ளையோடு உம்மா வீட்டிலேயே இருந்தேன். வாப்பா தேநீர்க் கோப்பையைக் கையால் துழாவுவதையும் நடக்கும்போது தோள் கதவு நிலையில் இடிப்பதையும் முன்பே கண்டிருக்கிறேன். வயதுதான் என்று விட்டுவிட்டேன். அவர் முப்பது வருசத்துக்கு மேல் புத்தளத்து உப்பளத்தில் வேலை செய்தவர். வெள்ளை உப்பில் பட்டுத் தெறிக்கிற வெயில்தான் கண்ணைத் தின்றுவிட்டது என்று உம்மா இன்றைக்கும் சொல்லுவார்.

சிலாபம் ஆஸ்பத்திரியில் கண் டொக்டர் அப்படிச் சொல்லவில்லை. கண்ணுக்குள் அழுத்தம் கூடி நரம்பு பழுதாகிவிட்டது, போன பார்வை திரும்பாது, மிச்சம் இருப்பதைத் துளி மருந்தால் கொஞ்சக் காலம் காப்பாற்றலாம் என்று சிங்களத்தில் சொன்னார். இதைத் தமிழில் எப்படி மெதுவாக வாப்பாவிடம் சொல்வது என்று நான் யோசித்துக்கொண்டிருக்கையில், அவர் கதிரையிலிருந்து எழும்பி, "ஹொந்தய் மஹத்தயா" என்றார், நல்லது ஐயா என்று சிங்களத்திலேயே. உப்பளத்தில் பாதிப்பேர் சிங்களவர் என்பது அப்போதுதான் எனக்கு நினைவு வந்தது. அவர் எல்லாவற்றையும் கேட்டுவிட்டார்.

புத்தளத்தில் பஸ்ஸிலிருந்து இறங்கும்போது, "உம்மாட்ட முழுக்கச் செல்ல வாணாம்" என்றார்.

வீட்டில் உம்மா பின்கதவிலிருந்து கிணறு வரை கயிறு கட்டுவோம் என்றார். பிடித்துக்கொண்டு போகலாமாம்.

"கயித்தில கட்டிப் போட நான் என்ன மாடா?" என்று வாப்பா கோபப்பட்டார். அவர் அப்படிச் சத்தம் போட்டு நான் கேட்டதில்லை.

ஒருநாள் மணலில் கிடந்த சிவப்புப் பிளாஸ்டிக் பேசினை அவர் தூரத்திலிருந்தே கண்டு சுற்றிப் போனதைப் பார்த்தேன். நரைத்த மணல், நரைத்த சீமெந்து எல்லாம் வெயிலில் ஒன்றாகிவிட்டாலும், கடும் நிறம் அவருக்கு நேர் எதிரே இருந்தால் தெரிந்தது.

அந்தக் கிழமைதான் ஆலங்குடாவில் விடுதியொன்றில் சமையல் வேலை செய்யும் என் மாமி மகள் வந்தாள். விடுதி முற்றத்தில் பத்துமணிப் பூ காடாய்க் கிடக்கிறதென்று முன்பு சொல்லியிருந்தாள். நான் கேட்டதற்கு, அடுத்த முறை வரும்போது ஒரு சொப்பின் பை நிறையத் தண்டுகளை ஒடித்து, நிறத்துக்கு ஒரு கட்டாக நூல் சுற்றிக் கொண்டுவந்தாள். வழியில் வாடித் துவண்டிருந்தன.

"இதெல்லாம் இனிப் புடிக்குமா?" என்று கேட்டேன்.

"மண்ணுல குத்திவிடுங்க ராத்தா. வெயில் மட்டும் இரிந்தாப் போதும். வேற ஒண்டும் கேக்காது."

உண்மைதான். எங்கள் கிணற்றுத் தண்ணீர் கொஞ்சம் உவர். ரோசா வைத்துப் பலமுறை கருகிப்போயிருக்கிறது. இது அந்தத் தண்ணீரிலேயே வேர்விட்டது. பின்கதவிலிருந்து கிணறு வரை வழியின் இரு பக்கமும் சிவப்பு. வாப்பா விழுந்த படியின் ஓரம் முழுக்க மஞ்சள். எதற்கு நடுகிறேன் என்று நான் சொல்லவில்லை. அவரும் கேட்கவில்லை.

ஒன்றரை மாதத்தில் தரையில் படர்ந்து பூத்தது. ஒருநாள் வாப்பா சுவரைத் தொடாமல், நடுவழியில் நிமிர்ந்து நடந்து போய், மஞ்சளுக்கு முன்னால் நின்று, காலைத் தூக்கிப் படியில் வைத்தார். குசினி ஜன்னலால் பார்த்துக்கொண்டிருந்த உம்மா, முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு அடுப்புப் பக்கம் திரும்பிவிட்டார்.

அந்தப் பூ வெயில் ஏறினால்தான் விரியும், பின்னேரமானால் சுருங்கிவிடும். விடியற்காலையில் குளித்துப் பழகியவர் குளிப்பைப் பத்தரைக்கு மாற்றிக்கொண்டார். நண்பகல் லுஹர் தொழுகைக்குக் கை கால் கழுவி வுழூச் செய்யவும் கிணற்றடிக்குப் போவார். பின்னேரத்து அஸருக்கு வீட்டுக்குள்ளே வாளியில் தண்ணீர் வைப்போம்.

இப்படி இரண்டு வருசம் போனது.

பிறகு ஒருநாள் பகல் நான் கொடியில் உடுப்புக் காயப்போட்டுக்கொண்டிருந்தேன். வாப்பா துவாயைத் தோளில் போட்டுக்கொண்டு பின்கதவடியில் வந்து நின்றார். வெகுநேரம் நகரவில்லை.

"மகள், இண்டைக்கி மூட்டமா? பூ ஒண்டும் விரியல்லயே."

இலை தெரியாத அளவுக்கு எல்லாம் விரிந்து கிடந்தன.

"ஓம் வாப்பா" என்றேன். "மூட்டமாத்தான் இரிக்கி."

அவர் ஒரு கையைக் கூரை நிழலுக்கு வெளியே நீட்டினார். உள்ளங்கையைத் திருப்பிப் பார்ப்பவர்போல் சிறிதுநேரம் பிடித்திருந்தார்.

"வெயில் சுடுதே" என்று மெதுவாகச் சொல்லிவிட்டு உள்ளே போனார்.

என் கையில் அவருடைய ஈரச் சாரம். அதை உதறிக் கொடியில் போட்டேன். பின்னால் போய் ஒரு வார்த்தை பேசியிருக்கலாம். போகவில்லை.

அதன் பிறகு மூன்று கிழமை அவர் பின்வாசலுக்கு வரவில்லை. நானும் செடிகளுக்குத் தண்ணீர் ஊற்றவில்லை, பார்க்கவே பிடிக்கவில்லை. ஒருநாள் பார்த்தால் உம்மா வாளியோடு நிற்கிறார்.

"பூவு என்னடி குத்தம் செஞ்சிச்சி?" என்றார்.

அன்றைக்கு மத்தியானம் சாப்பிட்டுக் கை கழுவும்போது வாப்பாவே சொன்னார், "அந்தக் கயித்தக் கட்டுங்க."

மீன் வலைக்காரரிடம் வாங்கிய நைலோன் கயிற்றைக் கட்டினோம். வாப்பா அதைப் பிடித்துக்கொண்டு வெறுங்காலோடு நடந்தார். செடிகள் அதற்குள் வழியை மூடிப் படர்ந்திருந்ததால் காலடியில் தண்டுகள் முறிந்தன. நறுக்கென்று முறிகிற சத்தம் கேட்டதும் அவர் நின்று, குந்தி, முறிந்ததைத் தடவி எடுத்து, பக்கத்து மணலில் விரலால் குழி பறித்து ஊன்றினார். அன்றைக்கு அப்படி ஏழெட்டுத் தண்டு ஊன்றினார். மறுநாளும் ஊன்றினார்.

நான் அவருக்குப் பக்கத்தில் குந்தினேன்.

"வாப்பா, அண்டைக்கி நான் பொய் செல்லிட்டன்."

"தெரியும்."

"என்ன செல்லுறண்டு தெரியல்ல."

"எனக்கும்தான் மகள், என்ன கேக்குறண்டு தெரியல்ல" என்றார். "அந்தப் பக்கம் மண்ணுக் காஞ்சிருக்கா பாரு."

இப்போது சிவப்பும் மஞ்சளும் கலந்து முற்றத்தில் பாதியை மூடிவிட்டன. எங்கே என்ன நிறம் என்று யாருக்கும் தெரியாது. பக்கத்து வீட்டுப் பெண்கள் தண்டு கேட்டு வந்தால் வாப்பாவே ஒடித்துக் கொடுக்கிறார். சிலாபம் ஆஸ்பத்திரிக்கும் தவணை தவறாமல் போகிறோம். பார்வைக்கு இல்லை, துளி மருந்தை நிறுத்திவிட்டால் கண் வலிக்கும் என்பதற்காக.