துரைக்கண்ணுவின் கடனுக்கு ஒரு சாட்சி

கடன் இருக்கிறதா என்று ஒருவனைக் கேட்கிறவர்கள் இரண்டு பேர்தான். ஒருவர் கடன் கொடுக்கப் போகிறவர், இன்னொருவர் பெண் கொடுக்கப் போகிறவர். வேலை கொடுக்கப் போகிற ராணுவக் கிடங்கு அதை ஏன் கேட்க வேண்டும்? 1963-ல் துரைக்கண்ணு தன் விண்ணப்பத்தை நீட்டி என்னிடம் இதைக் கேட்டபோது எனக்குப் பதில் தெரியவில்லை.

துரைக்கண்ணு எங்கள் கூட்டேரிப்பட்டுக்காரர். எஸ்.எஸ்.எல்.சி. முடித்துவிட்டுத் திண்டிவனத்தில் ஓர் அரிசி ஆலையில் சீட்டு எழுதிக்கொண்டிருந்தார். தங்கை முனியம்மாளின் கல்யாணத்துக்கு நானூறு ரூபாய் கடன் வாங்கியிருந்தார். கொடுத்தவர் கூட்டுரோட்டில் இட்லிக் கடை வைத்திருக்கும் பாஞ்சாலியம்மாள். பத்திரம் எழுதவில்லை. "மல்லாட்டை வித்ததும் குடு தம்பி" என்றார், அவ்வளவுதான். அந்த வருஷம் வேர்க்கடலைக்கு மழை பெய்யவில்லை. அடுத்த வருஷம் பெய்தது, ஆனால் அறுவடை சமயத்தில் பெய்தது.

சீனாவோடு சண்டை முடிந்த நேரம். சென்னைக்குப் பக்கத்தில் ஒரு ராணுவக் கிடங்குக்குக் குமாஸ்தாக்கள் தேவைப்பட்டார்கள். விண்ணப்பத்தில் நிலம் எவ்வளவு, கடன் எவ்வளவு, யாரிடம் என்று கேட்டிருந்தது. ஆலையில் கூட வேலை பார்த்த ராஜவேலு, "இல்லைன்னு போட்டுட்டு ஜல்தியா அனுப்பு. கடன்காரன் கையில எவனாச்சும் சாவி குடுப்பானா?" என்றார். துரைக்கண்ணு, நிலம் ஒரு ஏக்கர், கடன் நானூறு ரூபாய், பாஞ்சாலியம்மாளிடம் என்று எழுதி அனுப்பிவிட்டார். ஏன் என்று கேட்டதற்கு, "கேட்டாங்க, எழுதினேன்" என்றார்.

ஒரு நாள் காலை வேட்டியும் குடையுமாக ஒருவர் பாஞ்சாலியம்மாள் கடையில் வந்து உட்கார்ந்தார். இட்லி தின்றார். சட்னி இரண்டாவது முறை கேட்டு வாங்கிக்கொண்டார். பிறகு, "துரைக்கண்ணுன்னு ஒரு பையன் இருக்கானாமே, ஆளு எப்படிம்மா?" என்றார்.

எங்கள் பக்கத்தில் மாப்பிள்ளை பார்க்கிறவர்கள் முதலில் இப்படித்தான் யாரையாவது கடைத்தெருவுக்கு அனுப்பி விசாரிப்பார்கள். வந்தவர் தான் யார் என்று சொல்லமாட்டார். நாமும் கேட்கக் கூடாது. நல்லதாக நாலு வார்த்தை சொல்லி அனுப்புவது ஊரின் கடமை. இல்லாவிட்டால் ஒரு கல்யாணத்தைக் கெடுத்த பாவம் வந்து சேரும்.

"தங்கமான புள்ளைங்க. பீடிகூடப் புடிக்காது" என்றார் பாஞ்சாலியம்மாள்.

"நெலம்?"

"மூணு ஏக்கரு. கெணறு, பம்பு செட்டு எல்லாம் இருக்குது."

"கடன் கிடன் உண்டா?"

"ஒத்த ரூவா கிடையாதுங்க. இங்க டீ குடிச்சாக்கூட காசை வெச்சிட்டுத்தான் கிளாசைத் தொடும்."

பக்கத்து சைக்கிள் கடை நடராசன், பம்பு செட்டு புதுசு என்று சேர்த்துச் சொன்னார். பாஞ்சாலியம்மாள் இட்லிக்குக் காசு வாங்க மறுத்துவிட்டு, "பொண்ணு எந்த ஊருங்க?" என்றார். வந்தவர் பதில் சொல்லாமல் போனார். அடக்கமான இடம் என்று எல்லோரும் பேசிக்கொண்டார்கள்.

அடுத்த வாரம் துரைக்கண்ணுவை விழுப்புரத்துக்கு வரச் சொல்லி ஆள் வந்தது. அங்கே குடைக்காரர் போலீஸ் உடுப்பில் இருந்தார். பெயர் கிருஷ்ணசாமி, விண்ணப்பத்தில் எழுதியது உண்மையா என்று விசாரிக்க வந்தவர்.

"கடன் இல்லாதவன் இருக்குதுன்னு எழுதறான். மூணு ஏக்கர் வெச்சிக்கினு ஒரு ஏக்கர்னு எழுதறான். யாருப்பா நீ?" என்றார். வெள்ளிக்கிழமைக்குள் கடனை நிரூபிக்க வேண்டும், இல்லாவிட்டால் 'நம்பத் தகாதவர்' என்று எழுதி அனுப்பிவிடுவேன் என்றார். அப்படி எழுதிவிட்டால் இந்த வேலை மட்டுமல்ல, சர்க்காரில் எந்த வேலையும் கிடைக்காது.

துரைக்கண்ணு நேரே இட்லிக் கடைக்குப் போனார்.

"போலீசா? சம்பந்தி மாதிரியே சட்னி கேட்டானே" என்றார் பாஞ்சாலியம்மாள்.

"நான் உங்களுக்குக் கடன்பட்டவன்னு வந்து சொல்லணும்க்கா."

"பேஜாரு புடிச்ச வேலையா இருக்குதே. நான் போலீசு வாசப்படி மிதிச்சதே இல்ல தம்பி."

"கடன் இல்லைன்னா வேலை இல்லக்கா. வேலை இல்லைன்னா கடனைக் குடுக்க வழியில்ல."

பாஞ்சாலியம்மாள் தண்ணீர் தெளித்து அடுப்பை அணைத்துவிட்டு விழுப்புரத்துக்குப் பஸ் ஏறினார். அங்கே நடந்ததைத் துரைக்கண்ணுதான் எனக்குச் சொன்னார்.

"அன்னிக்குக் கடனே இல்லைன்னீங்களே" என்று கேட்டார் கிருஷ்ணசாமி.

"அது கல்யாணத்துக்குச் சொன்னதுங்க."

"யாரு கல்யாணத்துக்கு?"

"அதை நீங்கதான் சொல்லணும்."

"பம்பு செட்டு?"

"அது பக்கத்துக் கொல்லைதுங்க. சத்தம் இவங்க கொல்லைக்கும் கேக்கும்."

"நாளைக்கு இவன் வேலைக்குப் போனதும், கடனுக்குப் பதிலா கிடங்கு சாவியைக் குடுன்னு கேப்பீங்களா?"

"எனக்கெதுக்குங்க சாவி? என் கடைக்கே கதவு கிடையாது, தட்டிதான்."

அப்போது துரைக்கண்ணு, வேலை கொடுக்கிற கிடங்கு கடனை ஏன் கேட்க வேண்டும் என்று என்னிடம் கேட்டதையே அவரிடமும் கேட்டார். கிருஷ்ணசாமி சொன்னார்: "கடன் இருக்கறது குத்தமில்லப்பா. நீ மறைச்சு வெச்சா, அது தெரிஞ்சவன் சொன்னபடி ஆடணும். வெளிய சொன்ன கடனை வெச்சு எவன் உன்னை மிரட்டுவான்?"

கடன் உண்டு, ஆளை நம்பலாம், அக்கம்பக்கத்தார் சொல்வதை நம்ப முடியாது என்று எழுதிக்கொண்டார். அன்று தின்ற இட்லிக்குக் காசு எடுத்துக் கொடுத்தார். பாஞ்சாலியம்மாள் வாங்கிக்கொண்டார். சம்பந்தி இல்லை என்று ஆன பிறகு விடுவானேன்.

துரைக்கண்ணுவுக்கு வேலை கிடைத்தது. மாதாமாதம் மணியார்டர் வந்தது. அடுத்த தை மாதம் பெருமுக்கல்லிலிருந்து குடையோடு ஒருவர் வந்து துரைக்கண்ணுவைப் பற்றி விசாரித்தார். பாஞ்சாலியம்மாள் கையைத் துடைத்துக்கொண்டு எழுந்து நின்றார். "நெலம் ஒரு ஏக்கருங்க. கெணத்துல தண்ணி இல்ல. எனக்கே இன்னும் முந்நூறு ரூவா தரணும். எழுதிக்கோங்க."

இந்த முறை வந்தவர் நிஜமாகவே பெண்ணின் தாய்மாமன். டீயைப் பாதியில் வைத்துவிட்டுப் போய்விட்டார்.

லீவில் வந்த துரைக்கண்ணு இதைக் கேட்டுவிட்டு, "கேட்டாங்க, சொல்லிட்டீங்க" என்றார். அவருக்கு இன்னும் கல்யாணம் ஆகவில்லை.

அதே கிடங்குக்கு இந்த வருஷம் நானும் விண்ணப்பம் போட்டிருக்கிறேன். எனக்கு நிலம் இல்லை. கணக்குப் பாடத்தில் இரண்டாவது முறைதான் தேறினேன். சைக்கிள் கடை நடராசனுக்கு ஏழு ரூபாய் தர வேண்டும். எல்லாவற்றையும் அப்படியே எழுதிவிட்டேன். இதைப் படிக்கிறவர்கள் கூட்டேரிப்பட்டு வழியாகப் போனால், தயவுசெய்து கூட்டுரோட்டில் இறங்கி இந்தக் கதையை எல்லோருக்கும் சொல்லுங்கள். முக்கியமாக நடராசனுக்குச் சொல்லுங்கள்; நானே சொன்னால் சாட்சிக்குச் சொல்லிக்கொடுத்த மாதிரி ஆகிவிடும். குடைக்காரர் எந்த நாளும் வரலாம்.