9999 விளையாட்டுகளும் விதானையார் கடிதமும்

கொடுத்த காசுக்கு மேல் பெறுமதி கிடைத்த பொருள் என் வாழ்க்கையில் ஒன்றே ஒன்றுதான். அதை வாங்கிய அன்றே ஏமாந்துபோனேன் என்பதையும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

யுத்த காலம். எனக்கு இருபத்துநாலு வயது. படித்து முடித்துவிட்டு அரசாங்க நியமனத்துக்குக் காத்திருந்தேன், அதாவது வேலையில்லை. மாமாவின் மகன், என் மச்சான், வெளிநாட்டு ஏஜென்சிக்காரனிடம் பாஸ்போட்டைக் கொடுத்துவிட்டுக் காத்திருந்தான். அவனுக்கும் வேலையில்லை. அவன் கைக்கடிகாரத்தை விற்றான், நான் சைக்கிளை விற்றேன். இரண்டு பேரும் மட்டக்களப்பு நாவற்குடாவிலிருந்து பஸ்ஸில் ஏறி, ஒவ்வொரு சோதனைச் சாவடியிலும் இறங்கி நடந்து, ஓட்டமாவடிக்குப் போனோம். டிவியில் பூட்டி விளையாடும் கேம் பெட்டி அங்கே ஒரு கடைக்கு வந்திருப்பதாகக் கதை.

கடைக்காரர் பெட்டியோடு ஒரு மஞ்சள் கசட்டையும் தூக்கி வைத்தார்.

"மத்தக் கசட்டுல ஒரு கேம், மிஞ்சினா நாலு கேம். இதப் பாருங்க தம்பி. ஒம்பதாயிரத்தித் தொளாயிரத்தித் தொண்ணூத்தொம்பது."

"ஒண்டையும் சேத்துப் பத்தாயிரமாத் தாங்க காக்கா," என்றான் மச்சான். முஸ்லிம் கடைக்காரர்களை அண்ணன் என்ற முறையில் காக்கா என்றுதான் கூப்பிடுவோம்.

"அந்த ஒண்ட நான் வச்சிக்கிறன். நானும் விளையாடணுமே."

நான் அந்த இடத்திலேயே மனக்கணக்குப் போட்டேன். நாளைக்கு ஒரு விளையாட்டு என்றால் இருபத்தேழு வருடம்.

"அதுக்குள்ள சண்டையும் முடிஞ்சிரும்," என்றான் மச்சான். வாங்கிவிட்டோம்.

மாமா வீட்டில் வந்து பூட்டினால் முதல் ஏழும் நல்ல விளையாட்டுகள். எட்டாவதைப் போட்டோம். முதலாவதே வேறு நிறச் சட்டை போட்டுக்கொண்டு வந்தது. ஒன்பதாவது, இரண்டாவது. பதினைந்தில் திரும்பவும் முதலாவது. நான் விடவில்லை, நானூறு வரைக்கும் போய்ப் பார்த்தேன். படித்தவன் என்றால் ஏமாந்ததை உறுதிப்படுத்தாமல் விடமாட்டான்.

ஆனால் மூன்றாம் இலக்கம் இருந்ததே, அது ஒன்றே போதும். ஒரு சிவப்புக் குள்ளனும் ஒரு நீலக் குள்ளனும் சோடியாக ஓடவேண்டும். குழி, முள், நண்டு போல ஒரு பிராணி, எட்டுக் கோட்டை. ஒருவன் செத்தால் மற்றவன் தன் உயிரில் ஒன்றைக் கொடுத்து எழுப்பலாம். மச்சான் நீலம். நான் சிவப்பு, அதாவது குழிக்குள் விழுகிறவன். எட்டு மாதம் அவன் உயிரை வாங்கியே நான் ஓடினேன்.

மாமி வாசலில் நின்று பார்த்துவிட்டுப் போவா.

"வளந்த மாடு ரெண்டும் பொத்தான அமத்திக்கிட்டு இரிக்கிதுகள். காலத்துக்குக் கட்டி வச்சிரிந்தா இதுகள்ட புள்ளைகள் விளையாடுங்கள் இந்நேரம்."

விளையாட்டை முடிக்க மூன்று மணித்தியாலத்துக்கு மேல் வேண்டும். கரண்ட் காலை பத்துக்கு வந்து பன்னிரண்டுக்குப் போய்விடும், அதுவும் வந்தால். அந்தப் பெட்டிக்கு ஞாபகம் என்று ஒன்று கிடையாது. நிறுத்தினால் முதலாம் கோட்டை. ஆறாம் கோட்டையின் பாதியில், மச்சான் என்னை எழுப்ப உயிரை நீட்டிக்கொண்டு நிற்கும்போது, டிவியின் நடுவில் ஒரு வெள்ளைப் புள்ளி சுருங்கி மறையும். பக்கத்து வீடுகளிலெல்லாம் மனிதர்கள் அரிக்கன் லாம்புக்கு எண்ணெய் தேடுவார்கள். நாங்கள் இருவரும் கறுத்த கண்ணாடியில் எங்கள் முகத்தைப் பார்த்துக்கொண்டு இருப்போம். எட்டு மாதமும் இதே கதை. எட்டாம் கோட்டைக்குள் என்ன இருக்கிறது என்று எங்களுக்குத் தெரியாது.

ஒரு புதன்கிழமை மச்சானுக்கு விசா வந்தது. சனிக்கிழமை கொழும்புக்குப் போகவேண்டும், அங்கிருந்து சவூதி. வீடு முழுக்கச் சந்தோசம். மச்சான் மட்டும் என்னைக் கிணற்றடிக்குக் கூட்டிப்போனான்.

"ஆறு கோட்டையோட போகேலாது மச்சான். மனசு கிடந்து அடிக்கிது."

"மறுகா என்ன செய்ற?"

"அக்கா வீட்ட கொண்டு போவம். அது ஆஸ்பத்திரி லைன். கரண்ட் போகாது."

அவனுடைய அக்கா டவுனில் வாடகை வீட்டில் இருந்தா. போவதென்றால் கல்லடிப் பாலத்தைக் கடக்கவேண்டும், பாலத்தடியில் சோதனைச் சாவடி. டிவியோ ரேடியோவோ சும்மா கொண்டுபோக முடியாது. என்ன சாமான், எத்தனை என்று விதானையார், அதாவது ஊரின் கிராம அதிகாரி, கடிதம் தரவேண்டும். கடிதத்துக்கும் சாமானுக்கும் ஒரு எண்கூட வித்தியாசம் வரக்கூடாது. அந்த நாளில் எங்கள் பக்கம் பால்குடிப் பிள்ளைக்கும் தெரிந்த சட்டம் இது.

வியாழன் காலை விதானையார் எழுதினார். தொலைக்காட்சிப் பெட்டி 1. விளையாட்டுப் பெட்டி 1. பேனையை மூடப்போனார். அந்த இடத்தில் நான் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கவேண்டும்.

"ஐயா, கசட்டுல ஒம்பதாயிரத்துச் சொச்சம் எண்டு போட்டிரிக்கி. கடிதத்துல இல்லாட்டிச் சந்தேகம் வருமே," என்றேன்.

விதானையார் கண்ணாடிக்கு மேலால் பார்த்தார். "எங்க இரிக்கி அவ்வளவும்?"

"உள்ளுக்க ஐயா."

"உனக்குத்தான் நியமனம் தரப்போறாங்களா தம்பி?" என்று கேட்டுவிட்டு, விளையாட்டு 9999 என்று எழுதி முத்திரை குத்தினார்.

டிவியைத் தலையணையோடு சேர்த்துச் சாரனால் மச்சானின் சைக்கிள் கரியரில் கட்டினோம். அவன் தள்ள, நான் பின்னால் பிடித்துக்கொண்டு நடந்தேன். வாவிக் காற்று முகத்தில் அடித்தது. சாவடியில் நின்ற ஆமிக்காரனுக்குத் தமிழ் கொஞ்சம் பேசவரும், வாசிக்க வராது. கடிதத்தில் அவனுக்கு விளங்கியது இலக்கம் மட்டுந்தான். ஒன்று, ஒன்று, ஒன்பதாயிரத்துத் தொள்ளாயிரத்துத் தொண்ணூற்றொன்பது. அவன் முகம் மாறியது.

"இது எங்க?" என்று அந்த இலக்கத்தில் விரலை வைத்தான்.

மச்சான் பொலன்னறுவையில் அரிசி ஆலையில் நின்றவன், சிங்களம் தெரியும். விளக்கினான். விளக்க விளக்கச் சந்தேகம் கூடியது. மின்சாரச் சாமான் எதுவென்றாலும் போட்டுக் காட்டவேண்டும் என்பது அவர்களுடைய சட்டம். மண்மூட்டைக்குப் பின்னால் ஜெனரேட்டர் ஓடிக்கொண்டிருந்தது. டிவியை இறக்கிப் பூட்டினோம். அவன் ஒரு மூட்டையில் உட்கார்ந்து ஒன்றாம் இலக்கத்தை அமத்தினான். சிரித்தான். இரண்டாவதுக்கும் சிரித்தான். எட்டாவதில் சிரிப்பு நின்றது. ஒரு கொப்பியை எடுத்து அடையாளம் போடத் தொடங்கினான்.

மூன்றாம் இலக்கம் மூன்றில் வந்தது, பத்தில் வந்தது, பதினேழில் வந்தது. படம் ஒரு சொட்டும் ஆடவில்லை. எட்டு மாதமாக நாங்கள் கும்பிட்டுக் கேட்ட கரண்ட் அந்த மண்மூட்டைக்குப் பின்னால் ஆறாக ஓடிக்கொண்டிருந்தது. மச்சானுக்குப் பொறுக்கவில்லை.

"சேர், இத மட்டும் ஒருக்கா விளையாடிக் காட்டவா?"

"அடுத்தது," என்றான் அவன்.

இருபத்துநாலிலும் வந்தது. மச்சான் வாயைத் திறந்தான்.

"அடுத்தது."

இரண்டு மணித்தியாலம் போனது. பாலத்தைக் கடக்க வந்த சனமெல்லாம் எட்டிப் பார்த்துவிட்டுப் போனது. அவனுக்கு மேலதிகாரி, பெரியவன் ஒருவன், வந்து கொப்பியைப் பார்த்தான்.

"ஏழு இருக்கு," என்றான். "மிச்சம் யாருக்குக் குடுத்த?"

ஒன்பதாயிரத்துத் தொள்ளாயிரத்துத் தொண்ணூற்றிரண்டு விளையாட்டுகளை வழியில் யாருக்கோ கைமாற்றிவிட்டேன் என்று சந்தேகிக்கப்பட்ட மனிதன் இலங்கையில் நான் ஒருவனாகத்தான் இருப்பேன்.

"எங்களுக்கே தரல்ல சேர்," என்றான் மச்சான். "கடைக்காரர் ஏமாத்திப்போட்டார்."

இதை அவன் சிங்களத்திலும் சொன்னான். பெரியவன் சிரித்துவிட்டான், ஆனால் விடவில்லை. சரியான கடிதத்தோடு வா என்று திருப்பி அனுப்பினான். விதானையாரோ அன்று மத்தியானமே நிவாரண வேலையாகக் கச்சேரிக்கு, அரசாங்க அதிபரின் அலுவலகத்துக்கு, போய்விட்டார், வெள்ளியும் வரவில்லை.

சனி காலை மச்சானைப் பஸ் ஏற்றும்போது மாமி அழுதா. அவன் யன்னலால் என்னைக் கூப்பிட்டான்.

"நீ முடிச்சா எழுது. கோட்டைக்குள்ள என்ன இரிக்கி எண்டு மட்டும் எழுது."

"நான் தனிய முதலாம் குழியையே தாண்டமாட்டன்டா."

"அதுவும் உண்மைதான்," என்றான். பஸ் போய்விட்டது.

திங்கள் விதானையார் விளையாட்டு 7 என்று எழுதித் தந்தார். பாலத்தடியில் அதே ஆமிக்காரன் ஏழையும் போட்டுப் பார்த்துவிட்டு வழிவிட்டான். அக்கா வீட்டில் கரண்ட் இருந்தது, நீலக் குள்ளனுக்குத்தான் ஆளில்லை. இரண்டு நாள் நான் விழுந்து விழுந்து செத்ததைக் கறி தாளித்தபடி பார்த்த அக்கா மூன்றாம் நாள் அடுப்பை இறக்கிவிட்டு வந்தா.

"கொஞ்சம் தள்ளி இரி. எது பாயிற பொத்தான்?"

சொன்னேன். ஒரு கிழமை கழித்துப் பார்த்தால் அவ ஐந்தாம் கோட்டைக்குள் நிற்கிறா, நான் அவவின் உயிரில் ஓடுகிறேன். எட்டு மாதம் நாங்கள் பழகிய வித்தையை அவ பிள்ளைகள் பள்ளிக்கூடத்தால் வருவதற்குள் பழகிவிட்டா. மூன்றாம் கிழமை எட்டாம் கோட்டையின் கதவு திறந்தது. உள்ளே இரண்டு குள்ளர்களும் கைகோத்துத் துள்ளினார்கள். இங்கிலீசில் நன்றி என்று வந்தது. பிறகு முதலாம் கோட்டை.

"இவ்வளவும்தானா?" என்றா அக்கா.

"இவ்வளவும்தான்."

அவ கைப்பிடியைக் கீழே வைத்தா. "அவனுக்கு எழுதிராத. நம்மள விட்டுட்டு முடிச்சிட்டாங்களே எண்டு அங்க கிடந்து அழுவான்."

மச்சானின் முதல் கடிதம் அடுத்த மாதம் வந்தது. வெயில், சாப்பாடு, அறைக்கு எட்டுப் பேர். கடைசி வரியில், கோட்டைக்குள் என்ன இருக்கிறது என்று கேட்டிருந்தான்.

அக்கா வீட்டிலும் இப்போது கரண்ட் இல்லை, அதனால் இன்னும் முடிக்கவில்லை, நீ வந்த பிறகு பார்ப்போம் என்று எழுதினேன். மட்டக்களப்பிலிருந்து எழுதினால் யாரும் கேள்வி கேட்காமல் நம்பக்கூடிய பொய் அப்போது அது ஒன்றுதான். அவனும் நம்பினான்.