மூன்று நாள் பழம் தின்னக் கூடாது

லேப் நடத்துகிறவளுக்கு வருகிறவர்களின் பெயர் தெரிவதற்கு முன்பே அவர்களுடைய பயம் தெரிந்துவிடும். கருங்கல் சந்தைக்குப் பக்கத்தில் இருபத்திரண்டு வருஷமாக ரத்தமும் மூத்திரமும் பரிசோதிக்கிறேன். மாடியில் ஒரு டாக்டர் இருக்கிறார். அவர் எழுதித் தருவதை நான் செய்து கொடுப்பேன். போன வருஷம் பொங்கல் கழிந்த கையோடு எல்லார் போனிலும் ஒரு குரல்பதிவு வந்து விழுந்தது. முகம் திடீரென்று சிவந்தால், வயிறு அடிக்கடி போனால், மூச்சு இழுத்தால், குடலில் ஓர் அபூர்வமான புற்று இருக்கலாமாம். இந்த மூன்றில் ஒன்றுகூட இல்லாத ஆள் நம் மாவட்டத்தில் யார்? இதைப் படிக்கிற நீங்களும் இந்நேரம் கன்னத்தைத் தொட்டுப் பார்த்திருப்பீர்கள், எனக்குத் தெரியும்.

டாக்டர் பத்துப் பேரில் ஒன்பது பேரைப் பேசியே வீட்டுக்கு அனுப்பினார். அடம்பிடித்தவர்கள் கீழே என்னிடம் வந்தார்கள். ஒரு நாள் முழுக்கப் போகிற மூத்திரத்தை ஒரு சொட்டு விடாமல் கேனில் பிடித்துத் தர வேண்டும். நாங்கள் திருவனந்தபுரத்துக்கு அனுப்புவோம். அதற்கு மூன்று நாள் முன்னாலிருந்தே வாழைப்பழம் தொடக் கூடாது. தொட்டால், புற்றே இல்லாதவருக்கும் அது இருப்பதுபோல ரிசல்ட் கூடிவிடும். புட்டுக்குப் பழம் பிசைந்து வளர்ந்த ஜனங்களிடம் போய் இதைச் சொல்வது என் தலையெழுத்து.

வேர்க்காத சூடு

ஸ்டெல்லா அக்கா சந்தையில் மீன் விற்பவள். என் வீட்டுக்கு சாளையும் நெத்திலியும் அவள் குட்டையிலிருந்துதான், குட்டை என்றால் மீன் கூடை. குரல்பதிவுக்கு ஆறு மாதம் முன்பே, முகம் குபுகுபுவென்று எரிகிறது, வயிறும் நிலையில்லை என்று அவள் சொல்லிக்கொண்டிருந்தாள். நாள் முழுக்க வெயிலில் உட்காருகிறவள், வயது நாற்பத்தொன்பது. இதற்கு டாக்டர் எதற்கு என்று நானே முடிவுகட்டிவிட்டேன். எனக்கும் அதே வயது, அதே எரிச்சல். "தீட்டு நிக்கப் போற வயசுக்கா, எனக்கும்தான் இருக்கு, பாரு" என்று என் நனைந்த கழுத்தைக் காட்டிச் சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை. மீனை நறுக்கிக்கொண்டே சொன்னாள்:

"உனக்கு வேர்க்குது மக்கா, எனக்கு வேர்க்கல்லியே."

பஸ்ஸில் ஒரு கேன்

அருமனைப் பக்கத்திலிருந்து தங்கையன் என்று ஒருவர் வந்தார். ரப்பர் தோட்டக்காரர். ஷீட் உலர்த்துகிற புகையில் முப்பது வருஷம் நின்றவருக்கு மூச்சு இழுக்காமல் என்ன செய்யும்? டாக்டர் எவ்வளவோ சொல்லியும் கேட்கவில்லை, கேனை வாங்கிக்கொண்டு போனார். நிறைந்த கேனை மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் வந்திருக்கிறார். பக்கத்து சீட்டுக்காரர் அந்தப் பொன்னிறத்தையே வெகுநேரம் பார்த்திருக்கிறார். கடைசியில் பொறுக்க முடியாமல் கேட்டாராம்:

"மார்த்தாண்டம் தேனா அண்ணே? ஒரிஜினல்தானே?"

பழம் தின்னவில்லை

தங்கையனின் ரிசல்ட் ஏகத்துக்குக் கூடி வந்தது. வீட்டில் ஒரே அழுகை. துபாயில் இருக்கும் மகன் டிக்கெட் போட்டுவிட்டான். எனக்குச் சந்தேகம். பழம் தின்றீர்களா என்று கேட்டேன். கர்த்தர்மேல் ஆணையாக இல்லை என்றார். அவர் மனைவியும் தலையாட்டினாள். புட்டுக்குக்கூடப் பயறுதான் கொடுத்தாளாம். மனுஷருக்குக் கண் கலங்கியது. எனக்கே மனசு கேட்கவில்லை. சரி, வேறு என்னென்ன சாப்பிட்டீர்கள், ஒவ்வொன்றாகச் சொல்லுங்கள் என்று உட்காரவைத்தேன். காலையில் மூன்று குளிகை, ராத்திரி மூன்று குளிகை என்றார். எதோடு சாப்பிடுவீர்கள் என்றேன்.

"பழம் திங்கல்ல மேடம், மட்டிப்பழத்துக்க உள்ள வச்சு அப்படியே முழுங்குவேன், அவ்வளவுதான்."

மட்டியும் வாழைப்பழம்தானே, குளிகைக்கு ஒன்று வீதம் நாளைக்கு ஆறு பழம்! மறுபடியும் எடுத்தோம், எல்லாம் சரியாக வந்தது. அதன்பிறகு ரிசல்ட் கூடி வருகிறவர்களின் சீட்டில் டாக்டர் பார்ப்பதற்கு முன்பே 'பழம், மறுபடி எடுக்கவும்' என்று பென்சிலால் எழுதி வைக்கப் பழகிக்கொண்டேன்.

ஒரு குடம் வெள்ளம்

மண்டைக்காட்டுக்காரி ஒருத்தி, துணிக்கடையில் வேலை. முகம் சிவக்கிறது என்று அழுதுகொண்டே மாடியேறினாள். அன்று எதற்கோ நானும் மேலே நின்றிருந்தேன். டாக்டர் ஒரே ஒரு கேள்விதான் கேட்டார், கூடவே வேர்க்குமா என்று. அவள் முந்தானையைத் தூக்கிக் காட்டினாள்.

"வேர்க்குமாவா? இதப் பிழிஞ்சா ஒரு குடம் வெள்ளம் வரும் டாக்டரே!"

டாக்டர் சிரித்து, இது வயது செய்கிற வேலை, பயப்படாமல் போம்மா என்று அனுப்பிவைத்தார். வேர்க்காமல் சிவந்தால்தான் நான் யோசிப்பேன் என்று என்னிடம் சொன்னார். நானும் தலையாட்டிவிட்டு இறங்கி வந்தேன். எனக்கு எதுவும் உறைக்கவில்லை. அன்று வீட்டுக்குப் போகும் வழியில் ஸ்டெல்லா அக்காவிடம் மீன்கூட வாங்கினேன்.

நேர்ச்சை

ஈஸ்டருக்கு முந்தின நாற்பது நாள் நோன்பான தபசு காலத்தில் ஒரு நாள் ஸ்டெல்லா அக்காவே டாக்டரின் சீட்டோடு வந்து நின்றாள். கேனை வாங்கிப் போனாள், சொன்னபடி நிறைத்துக் கொண்டுவந்தாள். ரிசல்ட் தங்கையனுடையதைவிடக் கூடுதல். எனக்குப் பதற்றமே இல்லை. பென்சிலை எடுத்து 'பழம்' என்று பாதி எழுதியும்விட்டேன். "எத்தன பழம் தின்னக்கா? உண்மையச் சொல்லு" என்றேன். அவள் என்னை ஏற இறங்கப் பார்த்தாள்.

"இறைச்சி நம்ம வீட்ல என்னைக்கு வச்சோம், நேர்ச்சைக்கு விடதுக்கு? பிடிச்சதத்தானே விடணும். தபசு தொடங்கின சாம்பல் புதன்ல இருந்து மட்டிப்பழம் நான் கண்ணால பாக்கல்ல மக்கா."

என் கையிலிருந்த பென்சில் கீழே விழுந்தது. அவள் முகம் சிவந்திருந்தது. நெற்றியில் ஒரு துளி வேர்வை இல்லை. எட்டு மாதமாக இதையே சொன்னவளைச் சிரித்து அனுப்பியிருக்கிறேனே என்று எனக்கு அழுகை வந்துவிட்டது. அந்தச் சீட்டைத் தூக்கிக்கொண்டு, கியூவில் நின்றவர்களையெல்லாம் தள்ளிக்கொண்டு மாடிக்கு ஓடினேன்.

குடலில் ஒரு கட்டி, ஈரலில் சின்னதாக இரண்டு பொட்டு. மெதுவாக வளர்கிற ஜாதி என்பதால் எல்லாவற்றையும் அறுத்து எடுக்க முடிந்தது. ஈஸ்டரன்று அவள் திருவனந்தபுரத்து ஆஸ்பத்திரிக் கட்டிலில் கஞ்சி குடித்துக்கொண்டிருந்தாள். நான் பக்கத்தில் உட்கார்ந்து, மன்னிச்சிரு அக்கா என்றேன். அவள் கண்ணை மூடிக்கொண்டே கேட்டாள்:

"அதெல்லாம் இருக்கட்டு, நான் இல்லாம மீன் யாருட்ட வாங்குத?"

குலை

இப்போது மாதம் ஒரு ஊசி, அவ்வப்போது ஒரு கேன். சந்தையில் பழைய இடத்திலேயே குட்டையோடு உட்கார்ந்திருக்கிறாள். விலையில் ஒரு ரூபாய் குறைப்பதில்லை. போன வாரம் ஒரு முழு மட்டிக்குலையைச் சுமந்து வந்து என் மேஜைமேல் வைத்தாள். வாசனை லேப் முழுக்க அடித்தது. ஒன்றை உரித்து முதலில் அவளுக்கு நீட்டினேன். கையைத் தட்டிவிட்டாள்.

"கொல்லப் பாக்கியா? வெள்ளிக்கிழம எனக்கு டெஸ்ட் இருக்கு. எல்லாத்தையும் நீயே இருந்து தின்னு."

ஆக, இருபத்திரண்டு வருஷ சர்வீஸில் நான் படித்தது, பயந்து வருகிறவர்களிடம் பழம் தின்றீர்களா என்று கேட்கவேண்டும், பொறுமையாகத் திரும்பத் திரும்பச் சொல்கிறவர்களிடம் மட்டும் பென்சிலைக் கீழே வைத்துவிட்டுக் கேட்கவேண்டும் என்பதுதான்.